சாமி பேரில் வைத்த பாஸ்வேர்டு

என் மகளுக்கு முதல் மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுத்தவள் நான்தான். அதைக் கெடுத்தவளும் நான்தான். இத்தனை வருஷம் கழித்து இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சிரிப்பு வருவதில்லை.

அப்போது அவள் ஏழாவது படித்தாள். நாங்கள் இருந்தது அரியலூரில். மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டதில் என் ஆபீசும் அங்கே போய்விட்டது. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அவருடைய கான்ட்ராக்ட் தை மாதத்தோடு முடிய இருந்தது. ஊருக்கு வந்துவிடுவதா, இன்னும் இரண்டு வருஷம் எழுதிக் கொடுப்பதா என்று அவருக்கே முடிவு தெரியவில்லை. கேட்டால், "பாப்போம்" என்பார். வந்துவிடுங்கள் என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரோஷம். மகள்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் போனைப் பிடுங்கி, "எப்பப்பா வருவ?" என்று கேட்பாள். நான் பக்கத்திலேயே நிற்பதால் அதற்கு மேல் அவளுக்கும் பேச வராது.

"பாப்பாவுக்கு ஒரு மெயில் ஐடி போட்டுக் குடேன். இஷ்டத்துக்கு எழுதட்டும். இங்க நாங்க தங்குற கேம்ப் ஆபீஸ்ல நான் பாத்துக்குறேன்" என்றார் அவர்.

எனக்குப் பகீரென்றது. பெண் பிள்ளை பெயர் முன்பின் தெரியாதவன் கண்ணில் படக்கூடாது என்றே வளர்க்கப்பட்டவள் நான். ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே சாரிடம் போய் நின்றேன். அவர் டீயை ஆற்றியபடி பொறுமையாகச் சொன்னார்.

"முழுப் பேரு போடாதீங்க. பள்ளிக்கூடம், ஊரு எதுவும் வேணாம். தெரியாதவன் எழுதுனா தொறக்கவே கூடாது. பாஸ்வேர்டு மட்டும் யாரும் ஊகிக்க முடியாததா வைங்க. அதுதாங்க முக்கியம்."

நான் அதை ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அரசாங்க உத்தரவை நிறைவேற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு அப்போது உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பிளைவுட் தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை. திரையைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. வாசலை ஒட்டித் திரை இல்லாமல் ஒரு மேஜை கிடந்தது. அதுதான் வேண்டும் என்றேன்.

"அங்க வெயில் அடிக்கும் மேடம்" என்றார் கடைக்காரர்.

"வெயில்ல ஒண்ணும் கெட்டுப் போயிட மாட்டோம்" என்றேன்.

சார் சொன்னபடியே எல்லாம் செய்தோம். பெயரைப் பாதியாக வெட்டினேன். ஊரை விட்டுவிட்டேன். கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் குலதெய்வத்தைச் சொல்லித்தான் தொடங்குவோம். கிணறு வெட்டினாலும் அப்படித்தான், புது நோட்டுக்கு அட்டை போட்டாலும் அப்படித்தான். எங்கள் சாமி குன்னம் பக்கத்தில் ஒரு சோளக்காட்டுக்குள் இருக்கிறது. காலண்டரில் வராத சாமி. உலகத்தில் எவனுக்குத் தெரியப்போகிறது என்று அந்தப் பெயரையே ஆங்கில எழுத்தில் தட்டி, பின்னால் நூற்றெட்டு போட்டேன். அப்பாடா என்றிருந்தது. சாமியே காவல் நிற்பதாகத்தான் நினைத்தேன்.

மகளுக்கு வேறு சந்தேகம்.

"பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியுமே. நான் எழுதுறத நீ படிச்சிடுவியாம்மா?"

"படிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சாமி சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். வாராவாரம் அவள் தமிழை ஆங்கில எழுத்தில் தேடித் தேடித் தட்டுவாள். நான் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது எட்டிப் பார்த்தால் முறைப்பேன். முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று தெரியும். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையில், என் மகளுக்கு மெயில் ஐடி இருக்கிறது என்று முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி, கணவருடைய அண்ணன் வீட்டிலும் கொடுத்து வைத்தேன். அவசரத்துக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டேன். அவர்களுடைய பெரிய பெண் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் பங்காளிகள் எல்லாரும் கூடிக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். வரிசையாகப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனுடைய மனைவி, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி என் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, பெரியம்மா வூட்டுக்கு வரப் புடிக்கலன்னு அப்பனுக்கு எழுதுறியாமே? நாங்க ஒங்கம்மாளப் பத்திப் பேசுறமா?"

ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தங்கச்சி, பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுக்கிட்டு அழுவுறியாமே. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அவரு வந்தாத்தான் ஆச்சுன்னு புள்ள எழுதுது."

சுற்றியிருந்த பெண்கள் கரண்டியை நிறுத்தினார்கள். நான் அழுவது யாருக்கும் தெரியாது என்றே அதுவரை நம்பியிருந்தேன். குழாயைத் திறந்தால் சத்தம் கேட்காது என்ற அளவுக்குத்தான் என் புத்தி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறது. கேட்டதை என்னிடம் சொல்லாமல், சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லி, வந்துவிடு என்று என் சார்பில் கெஞ்சியிருக்கிறது.

வெட்கத்தைவிட மோசமாக இருந்தது அவள் என்னைப் பார்த்த பார்வை. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் சொல்லவில்லை. அப்படியென்றால் யார்?

பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில், திருச்சியில் படித்த பெண்ணே என்னிடம் வந்தாள். "சாரி சித்தி. சும்மா வெளாட்டுக்குத்தான் நம்ம சாமி பேரப் போட்டுப் பாத்தேன். தொறந்துக்கிச்சு. நானும் அதே பேருதான் வெச்சிருக்கேன், அதே நூத்தெட்டு" என்றாள். அம்மாவிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஊரிலுள்ள அயோக்கியனை எல்லாம் நினைத்துப் பயந்த நான், அதே சாமியைக் கும்பிடும் முப்பது வீட்டை மறந்துபோனேன்.

பஸ்ஸில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காதான் திறந்தாள், நான் தொடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சரிம்மா" என்றாள்.

அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. அடித்துக் கேட்கவா முடியும்? அடுத்த ஞாயிறு புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லி, கடைக்கு வெளியிலேயே போய் நின்றுகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டு வந்தாள். "அதுக்குள்ளயா?" என்றேன். "முடிஞ்சிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் ஐந்து நிமிஷம்தான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"பாப்பா முன்னல்லாம் என்னென்னமோ எழுதுவா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற எழுதியிருப்பா. எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இப்ப ரெண்டு மாசமா, அம்மா நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன், எங்களப் பத்திக் கவலப்படாதீங்கன்னு அழகா எழுதுறா. மனசு லேசாயிடுச்சு."

நான் மகள் பக்கம் திரும்பினேன்.

"அதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்து" என்றார்.

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"ஹலோ, இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேங்க" என்றேன்.