இடதுபக்கச் சில்லு

நேற்று அலுமாரியின் அடித்தட்டைக் கிளறிய என் மூன்று வயது மகள் ஒரு பொம்மைக்கார்ச் சக்கரமளவு கறுப்பு ரப்பர்ச் சில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாயில் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் பறித்தேன். பறித்த கையோடு மணந்தும் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. இருந்தும் இன்னொருமுறை மணந்தேன்.

அது எங்கள் பள்ளிக்கூட ரோபோவின் இடதுபக்கச் சில்லு; பின்னர் ரோபோவைப் பிரித்தபோது நான் எடுத்து ஒளித்தது. கொழும்பில் நடந்த போட்டியொன்றுக்காக நானும் மச்சாளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் விஞ்ஞானப் பாட சேரின் பொறுப்பில் அதைச் செய்தோம். மச்சாள் என் மாமாவின் மகள், ஒரே வகுப்பு. மோட்டர்களைப் பூட்டியதும் புரோகிராம் எழுதியதும் அவள்தான். துடைத்து எடுத்துவைப்பது என் வேலை. எங்கள் ஊர் பேசாலையில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அப்பா கரைக்கு வந்தால் படகு எஞ்சினைத் துடைத்து எண்ணெய் பூசாமல் சாப்பிட உட்காரமாட்டார். நானும், யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு மாலையும் ரோபோவின் அச்சுகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். தட்டில் இடம் போதாததால் அதை இடதுபக்கமாகச் சரித்து வைப்பேன். பொறுப்பான பிள்ளை என்று எனக்கே ஒரு நினைப்பு.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது ரோபோ நேரே ஓட மறுத்தது. தரையில் ஒட்டிய வெள்ளை நாடாவை விட்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மச்சாள் பற்றரியை மாற்றினாள். மோட்டர்களை ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினாள். "மாத்தியும் இடப்பக்கம்தான் இழுக்குது சேர். அப்ப மோட்டரில பிழை இல்லை," என்றாள்.

"அப்ப உன்ர புரோகிராமிலதான் பிழை," என்றார் சேர். அவள் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இன்றைக்குச் சரிசெய்தது நாளைக்கு மறுபடி இழுத்தது. கடைசி நாள் அவளை நிறுத்திவிட்டு வேறொரு பிள்ளையைச் சேர்த்தார்.

வழியனுப்ப வந்த காலையில் மச்சாள் ரோபோவைத் தூக்கி இடதுபக்கச் சில்லைப் பெருவிரலால் தடவினாள். விரல் வழுக்கியது. மணந்து பார்த்தாள். நான் என் கையைச் சட்டையில் துடைத்தேன். சரித்துவைத்த அச்சிலிருந்து எண்ணெய் சில்லுக்கு வடிந்திருக்கிறது. அது வழுக்க, வலதுபக்கச் சில்லு தள்ளித் திருப்பியிருக்கிறது. அவள் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாள். ரோபோ நாடாவின் மேல் நேரே ஓடியது.

"ஆர் எண்ணெய் போட்டது? போட்ட ஆள் இறங்கட்டும், இவள் ஏறட்டும்," என்றார் சேர், நாங்கள் பஸ்ஸில் ஏறிய பிறகு படியடியில் நின்று.

நான் யன்னல் சீற்றிலிருந்து எழும்பவில்லை. "அப்ப நீதான் பூட்டேக்க பூசியிருப்பாய்," என்று அவளிடமே சொல்லிவிட்டு ஏறினார். அவள் மறுக்கவில்லை. பஸ் புறப்படும்போது யன்னலுக்கு நேரே நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

யார் பூசியது என்று அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் இருந்தேன். நேற்றுச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லவா வேண்டாமா என்று மூன்று தரம் யோசித்து, அரிப்பு என்ற ஊரில் குடியிருக்கும் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், அந்த எண்ணெய் நான்தான் பூசினனான்."

"தெரியும்." பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள் போல, குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "உன்ர கையில எப்பவும் அந்த மணம்தானேடி. இறங்கி வா, இறங்கி வா எண்டு கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டனான். நீ என்னெண்டா டாட்டா காட்டிப்போட்டுப் போறாய்."

சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"தாங்கோ அம்மா," என்று இன்றும் மகள் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சில்லைத் துடைத்துக் கொடுக்கிறேன். திரும்ப வாங்கி, இன்னொருமுறை துடைக்கிறேன்.