சலூன்காரர் தன் அம்மாவை வரைந்த கதை

மூன்று தெரு கூடுகிற முனையில் அப்போது ஒரு சலூன் இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் பவுடர் வாசனையும் படிகார வாசனையும் கலந்து அடிக்கும். அந்த வாசனை இப்போது எங்கே போனாலும் கிடைப்பதில்லை.

சலூன்காரருக்கு அன்றைக்கு வயது நாற்பத்தாறு. கத்தரி பிடித்து முப்பது வருஷம். பென்சிலைக் காதில் செருகியிருப்பாரே தவிர, அதைக் கொண்டு ஒரு பூனைக்குட்டி வரைந்தது கிடையாது. அந்த வயதில் அவர் ஆளை வரையக் கிளம்பியதும், தெருவில் நாலு பேர் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. காரணம் அவருடைய அக்கா.

அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் சோதித்துவிட்டு, இது நரம்புக் கோளாறு, கத்தி வைத்துச் சரிசெய்ய முடியாது, மிஞ்சிப்போனால் ஒன்றரை வருஷம் பார்வை இருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா முகமே எனக்கு மறந்துபோச்சுடா. ஒரு போட்டோ இருந்திருந்தா, கண்ணு தெரியும்போதே பாத்து வச்சுக்குவேன்."

போட்டோ ஏது? அம்மா போனபோது அக்காவுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. அந்த வீட்டில் யாரையும் யாரும் படம் பிடித்ததில்லை. சலூன்காரர் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் வரைஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் சொன்ன பேச்சு. அதை விழுங்க முடியுமா?

கிழித்த மாதக் காலண்டரின் பின்பக்கம்தான் அவருக்கு நோட்டு. மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் உட்காருவார். தலை வந்துவிட்டது. முப்பது வருஷம் தலையைத் தடவியவருக்கு அது வராமல் போகுமா? மண்டையின் வளைவு, காது ஒட்டுகிற இடம், பிடரிக்குழி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே போடுவார். வம்பெல்லாம் கழுத்துக்குக் கீழே. அவர் மனுஷர்களைப் பார்த்தது வெள்ளைத் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டுத்தானே. தாளிலும் அப்படியே வந்து உட்கார்ந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மூட்டை மேல தலையைத் தூக்கி வச்சிருக்கீங்களே, இதுவா எங்க மாமியார்?"

"பழகுறேன்."

"பழகுங்க. மூட்டைக்கு முதல்ல கால் முளைக்கட்டும்."

சொல்லித்தர ஆளில்லை. இந்த வயதில் போய்க் கேட்கவும் வெட்கம். ஆகவே பெஞ்சில் காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சலூன்காரர் சீப்பைப் பிடித்துக் கையை நீட்டுவார், ஒரு கண்ணை மூடுவார். எதிரே நிற்பவரின் உச்சி முதல் தாடை வரை சீப்பில் எத்தனை பல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதே அளவை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பாதம் வரை இறக்குவார். ஒருநாள் வாசலில் நின்ற தபால்காரர் நெளிந்தார்.

"என்னண்ணே, சீப்பால குறி பாக்குறீங்க?"

"அசையாதீங்க. உங்க தலையை அடுக்கிப் பாத்தேன். நீங்க சரியா ஏழரை."

"ஏழரையா? என் மாமியார் சொல்றது பத்தாதுன்னு நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

பெஞ்சு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கீழே இருந்த அட்டையே நழுவிவிட்டது. அன்றிலிருந்து ஏழரை என்ற பேர் தபால்காரரை விட்டுவிட்டுச் சலூன்காரர் மேல் ஏறிக்கொண்டது.

அந்தத் தபால்காரர் அறியாமலே இன்னொன்றும் கொடுத்தார். நிற்கும்போது கனத்தை எல்லாம் ஒற்றைக் காலில் போட்டுத்தான் நிற்பார். போட்ட பக்கத்து இடுப்பு மேலே ஏறும். அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். முப்பது தாள் வீணான பிறகு சலூன்காரர் தானாகக் கண்டுபிடித்த சங்கதி இது. கண்ட சந்தோஷத்தில் அன்றைக்கு ஒருவருடைய கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டார். அவர் கண்ணாடியைப் பார்த்து முறைத்தார். "ஒரு கால்ல கனத்தைப் போட்டு நில்லுங்க, சமமாயிடும்" என்றார் சலூன்காரர்.

ஆறு மாதத்தில் அம்மாவின் முகம் ஒன்று தயாரானது. அக்கா தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தாள்.

"மச்சம் தப்பு. அம்மாவுக்கு இடது கன்னத்துல."

"வலது கன்னம். நான் பாத்திருக்கேன்."

"என்னை இடது இடுப்புலதான் தூக்கி வச்சிருப்பா. கை எட்டுற தூரத்துல இருந்த மச்சம்டா அது. கிள்ளி அடி வாங்கியிருக்கேன்."

"உனக்கு இப்ப என்ன தெரியுது, இதைச் சொல்ல வந்துட்டே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா தாளை மடிக்காமல் திண்டு மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நாள் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பதினோராம் நாள் பள்ளிக்கூட வாத்தியார் முடி வெட்ட வந்தார். வெட்டி முடித்ததும், கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுத்தார் சலூன்காரர்.

"பிரமாதம். ஆனா வகிடு மாறிப்போச்சே. எனக்கு இடது பக்கம்ல."

சலூன்காரர் தலையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் சுவர்க் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தி, பின்னால் நின்று, தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மா தலைவாரி விடுவாள். அந்த ஒரு நேரம்தான் அவள் முகம் அவருக்குக் கிடைக்கும். அதுவும் கண்ணாடிக்குள். நாற்பது வருஷமாக அவர் பத்திரமாக வைத்திருந்த முகம் இடம்வலம் மாறிய முகம்.

சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"மச்சம் நீ சொன்ன பக்கம்தான்க்கா."

"அது எனக்குத் தெரியும். உக்காரு."

அங்கேயே உட்கார்ந்து முகத்தை மாற்றி வரைந்தார். அக்கா வெகு நேரம் பார்த்தாள்.

"மச்சம் வந்துடுச்சு. அம்மா வரல." கோபமாகச் சொல்லவில்லை. "உன் மேல தப்பில்லடா. நான் எங்க அவ முகத்தைப் பாத்தேன்? அம்மான்னு கூப்பிடுவேன். 'ம்'னு சொல்லுவா. திரும்ப மாட்டா. கையில வேலை இருக்கும்."

சலூன்காரர் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த பல மாதம் அவர் முகம் வரையவே இல்லை. கண் டாக்டர் சொன்ன கெடுவில் நாலு மாதம்தான் பாக்கி என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். அவர் சீப்பை நீட்டி அவளையே அளந்தார். பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, பின்னால் நின்று. "முன்பக்கம் பாக்கப் பிடிக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டாளே தவிர, கொஞ்ச நேரம் அசையாமலும் நின்றாள்.

கடைசியில் வந்தது ஒரு முதுகு. தொட்டி முன்னால் நிற்கிற ஒரு பொம்பளை. கனமெல்லாம் இடது காலில். இடது இடுப்பு ஏறி, இடது தோள் இறங்கி, தோளில் கை துடைக்கிற துணி. வலது கால் கட்டைவிரல் இடது கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தது. சரிந்த கொண்டை. பிடரிக்குழியில் ஈரத்தோடு ஒட்டிய நாலு முடி. அந்த இடத்தில் மட்டும் அவர் ஒரு கோட்டையும் அழித்துப் போடவில்லை. அது அவருடைய தொழில்.

அக்கா வாசலில் உட்கார்ந்து தாளை மூக்கருகே பிடித்தாள். விலக்கினாள். சாய்த்தாள். விரலால் அந்தக் கட்டைவிரலைத் தொட்டாள்.

"அம்மா" என்று கூப்பிட்டாள், மெதுவாக.

தம்பி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"திரும்புறாளா பாரு" என்றாள் அக்கா. "எப்பவும் வேலைதான் இவளுக்கு."

பிறகு சலூன்காரர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். "அந்த வலது கால் கொஞ்சம் நீளமா விழுந்திருக்குக்கா. குடு, திருத்தித் தர்றேன்."

அக்கா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கையை எடுடா."