ஆறவைக்கும் அடுப்பில் ஒரு பச்சைப் பூ

காலை 6.10. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி புறப்பட்டபோது கைப்பையை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தேன். பர்ஸின் உள்ளறையில், மடித்த காகிதத்துக்குள், மூன்று துண்டாக உடைந்த பச்சைக் கண்ணாடி வளையல் பத்திரமாக இருந்தது. டிக்கெட் எழுபது ரூபாய். தூரம் அறுபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட.

துண்டுகளின் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் என் மகள் கயலுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. நான் போட்ட வளையல் பட்டென்று உடைந்தது. கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. துண்டுகளைப் புடவை மடிப்பில் ஒளித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அடுத்த வளையலை எடுத்தேன். சகுனமெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அன்றோடு தூக்கம் போயிற்று.

ஆறு வருடமாக வீட்டு மாடியில் கண்ணாடியை உருக்கிக் கோலிக்குண்டு செய்கிறேன். கோடு போட்ட கோலி, புள்ளி வைத்த கோலி. அதற்கு மேல் கை போகவில்லை. உள்ளே பூ விரியும் கோலியைக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வளைகாப்புக்கு முன்பே 2,500 ரூபாய் கட்டியிருந்தேன். உடைந்ததை உருக்கிப் பூவாக்கிவிட்டால் அது உடையாத கணக்கில் சேர்ந்துவிடும் என்ற யோசனை பிறகு வந்தது. சிரிக்காதீர்கள், மூன்று வாரம் தூங்காமல் இருந்தால் உங்களுக்கும் இப்படித்தான் தோன்றும்.

8.20. புதுச்சேரி பேருந்து நிலையம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

“எஸ்டேட்ல எந்தக் கம்பெனிம்மா?” என்றார் ஓட்டுநர்.

“கம்பெனி இல்லைங்க. கோலி செய்யக் கத்துக்கப் போறேன்.”

“கோலியா? எங்க தெரு பசங்களே மறந்துட்டானுங்க, நீங்க சிதம்பரத்துலேர்ந்து கெளம்பி வந்திருக்கீங்க!” வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

9.00. அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்றுக்குப் பக்கத்தில் தகரக் கூரைக் கொட்டகை. ஆசிரியை மோனிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்; என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். பிரான்ஸில் லியோன் நகரத்தில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறந்து வளர்ந்த புதுச்சேரி உப்பளத்துக்கே திரும்பி வந்தவர். என்னோடு இன்னும் இரண்டு பேர் கற்க வந்திருந்தார்கள்.

“ஒண்ணே ஒண்ணு அக்கா. வெளியிலேர்ந்து கொண்டாந்த கண்ணாடி எதையும் இதுல கலக்கக் கூடாது,” என்றார் மோனிக். தலையாட்டினேன். ஏன் என்று கேட்டால் எங்கே முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று கேட்கவில்லை.

நிறமில்லாத கண்ணாடிக் கம்பியின் நுனியை உருக்கி, அமுக்கி, சின்ன அப்பளமாக்க வேண்டும். அதன் மேல் வட்டமாக வண்ணப் புள்ளிகள். பிறகு தீயில் காட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தால் விளிம்பு உள்நோக்கி மடிந்து, புள்ளிகள் கண்ணாடிக்குள் இழுபட்டு இதழ்களாக நீளும். கை ஒரு நொடி நின்றாலும் ஒருபக்கம் தொங்கிவிடும். என் முதல் பூ காலிஃபிளவராக வந்தது. மூன்றாவது முயற்சியில், “வுவாலா! விரிஞ்சிடுச்சு பாருங்க,” என்று பிரெஞ்சும் தமிழுமாக மோனிக்கே கைதட்டினார். அடுத்து, வெள்ளையும் நீலமுமாக இரண்டு கம்பிகளைச் சேர்த்து உருக்கி, முறுக்கி, நூலாக இழுத்துக் கோலியைச் சுற்றிப் படரவிடும் வித்தை. இத்தனை வருடம் இதெல்லாம் தெரியாமல் இருந்தேனே என்று இருந்தது.

12.40. மோனிக் சாப்பாடு வாங்க வெளியே போனார். மற்ற இருவரும் கை கழுவிவிட்டு வெளியே காற்று வாங்கப் போனார்கள். நான் காகிதத்தைப் பிரித்தேன். வளையல் துண்டுகள் மற்ற கண்ணாடியைவிடச் சீக்கிரம் இளகின. ஐந்து பச்சைப் புள்ளிகள் வைத்துத் திருப்பினேன். அன்று நான் செய்ததிலேயே அழகான பூ அதுதான். எல்லாருடைய கோலிகளும் மெல்லச் சூடு தணிவதற்காக இருந்த ஆறவைக்கும் அடுப்பில் அதையும் வைத்து மூடினேன்.

1.30. எலுமிச்சைச் சோறு. பேச்சுவாக்கில்தான் கேட்டேன், கலந்தால் என்ன ஆகும் என்று.

“சூட்டுல நல்லாத்தான் இருக்கும் அக்கா. ஆறும்போது ஒண்ணு அதிகமா சுருங்கும், ஒண்ணு கம்மியா சுருங்கும். உடைஞ்சிடும். சில்லு தெறிச்சா பக்கத்துல இருக்கறதும் போச்சு.”

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். சொல்லிவிட்டேன், வளைகாப்பு உட்பட எல்லாவற்றையும். மோனிக் தட்டைக் கீழே வைத்தார். “காலையிலயே சொன்னேனே அக்கா! இப்ப ஆற ஆரம்பிச்சாச்சு, நடுவுல தொறந்தா குளிர்காத்து பட்டு எல்லாருதும் வெடிக்கும்.” மற்ற இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நாலு மணி நேரம் ஆற வேண்டும். முறுக்குக் கம்பி இழுக்கச் சொன்னார், இழுத்தேன். என் காது அடுப்பிலேயே இருந்தது. மூன்று மணிக்குமேல் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

5.30. கதவு திறந்தது. மற்றவர்களின் கோலிகள் பழுதில்லாமல் இருந்தன. நல்லவேளை. என்னுடையது பூவின் நடுவே இரண்டாகப் பிளந்திருந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

மோனிக் பக்கத்தில் வந்து குந்தினார். “ரெண்டு கண்ணாடியும் ஒத்துப்போகல. அவ்ளோதான் அக்கா. வளையல் உடைஞ்சது உங்க பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. பயந்துடுவா.”

“கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

6.45. பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் வீட்டுக்குப் போன் செய்தேன். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்கள் வீட்டிலேயே இருக்கும் கயல் எடுத்தாள். வளையல் உடைந்ததில் ஆரம்பித்து, ஒரே மூச்சில் கொட்டினேன்.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள். “என் கையிலதானே உடைஞ்சுது. எனக்குத் தெரியாதா? நீ மறைச்சதையும் பாத்தேன். நீயே மறைக்கறன்னா ஏதோ பெரிய கெடுதல்தான்னு நெனச்சிக்கிட்டேன். குழந்தை கொஞ்ச நேரம் அசையலன்னாக்கூட எழுந்து உக்காந்துக்கறேன். உன்னை எழுப்ப பயமா இருந்துச்சு.”

மூன்று வாரமாக ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் விழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் பயத்தை விழுங்கிவிட்டேன் என்று நினைத்தேன், அவளுக்கு ஊட்டியிருக்கிறேன்.

“இன்னிக்கு உன் ரூம்ல படுத்துக்கவாடி?” என்றேன்.

“சீக்கிரம் வா,” என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஓடிப்போய் ஏறினேன்.