வெயிலுமுத்து ஏலம் கேட்ட கடிகாரம்

வெயிலுமுத்துவுக்குக் கடிகாரம் ரிப்பேர் செய்யத் தெரியாது. வாங்கத் தெரியும், விற்கத் தெரியும், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் பம்பாயைக் காலி செய்த வருஷங்களில், அவர்கள் விட்டுப்போன சோபாவையும் பீரோவையும் ஏலக்கடைக்குச் சுமந்து இறக்கிய கூலி அவன். சுமந்த பொருள் யார் கைக்குப் போகிறது என்று சுவரோரம் நின்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் துணிந்து தானும் கையைத் தூக்கினான். ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று அவன் பேரில் விழுந்தது. தாராவியில் ஒருவரிடம் கொடுத்து ஓடவைத்து, மாட்டுங்காவில் புதிதாகக் குடிவந்த ஆபீஸ் குடும்பம் ஒன்றுக்கு விற்றான். அன்று பிடித்த தொழிலை அவன் விடவில்லை.

ஏலம் என்றால் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு விலையை ஏற்றுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நினைத்துவிட்டுப் போவோம், நமக்கென்ன நஷ்டம். கோட்டைப் பகுதியில் சனிக்கிழமைதோறும் நடந்த அந்த ஏலத்தில் பழைய சாமான் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டு வைத்திருந்தார்கள். காலையிலேயே எதிரில் இருந்த இரானி ஹோட்டலில் சாயா குடித்துக்கொண்டே, எந்தப் பொருளை யார் கேட்பது என்று பேசி முடித்துவிடுவார்கள். ஒருவர் கேட்கும்போது மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. பொருள் அடிமாட்டு விலைக்கு விழும். பிறகு அதே ஹோட்டலில் தங்களுக்குள் இன்னொரு ஏலம் போட்டு லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். இதை ஒரு தப்பு என்று வெயிலுமுத்து ஒருநாளும் நினைத்ததில்லை. விற்கிறவர்கள் யாரோ பங்களாக்காரர்கள், அவர்களுக்கு என்ன குறைச்சல் என்றுதான் நினைத்தான்.

கூட்டுக்குத் தலைவர் அப்துல் வாஹித். கடையநல்லூர்க்காரர். வெயிலுமுத்துவின் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பாசத்தில்தான் ஒரு கூலிக்காரனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கூட்டில் எழுதாத சட்டம் இரண்டு. கூட்டாளிக்குக் குறுக்கே கேட்கக் கூடாது. கூட்டாளி வீட்டுப் பொருளே ஏலத்துக்கு வந்தால், அவன் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்னால் எல்லோரும் ஒதுங்கி நின்று, அது நல்ல விலைக்குப் போக வழிவிடுவார்கள். வாஹித்தின் மைத்துனர் வீட்டு கிராமபோன் வந்தபோது வெயிலுமுத்துவே அப்படி ஒதுங்கி நின்றிருக்கிறான்.

பம்பாயில் டிராம் நின்ற மறுவருஷம், அவன் அக்காள் வீட்டுக்காரர் சுயம்பு ரத்தமாக இருமினார்.

அக்காள் பேர் பேராச்சி. கல்யாணமாகி பம்பாய்க்கு ரயில் ஏறியபோது, தாயில்லாத தம்பியையும் கையோடு கூட்டிவந்தவள். அவளை விட்டால் அவனுக்குப் பம்பாயில் நாதி கிடையாது. சுயம்பு மலபார் ஹில்லில் ஒரு துரை பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தவர். துரை கப்பலேறும்போது இவர் கையில் ஒரு மேஜைக் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுத்த மரக்கூடு, உச்சியில் பித்தளைக் கைப்பிடி, முகத்தில் தேதிக்குத் தேதி நகரும் ஒரு நிலா. கால் மணிக்கொரு தரம் மணிகள் வரிசையாக அடித்து ஓயும். தாராவியில், அந்த ஒற்றை அறை வீட்டில், மண்ணெண்ணெய் டின்னுக்கு மேலே பலகை அடித்து அதை மகாராஜா மாதிரி உட்காரவைத்திருந்தார் சுயம்பு. சந்து முழுக்க அவருக்குத் 'துரை கடியாரம் சுயம்பு' என்றுதான் பேர். அந்த மனுஷனுக்கு வேறு சொத்தும் கிடையாது, பட்டமும் கிடையாது.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மலைமேல் சானடோரியத்தில் சேர்த்தால் பிழைப்பார், இந்தச் சந்திலேயே கிடந்தால் மழைக்காலம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அலைந்து திரிந்ததில் ஒரு படுக்கை கிடைத்தது. மாசக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது அடுத்த நோயாளிக்குப் போய்விடும். பேராச்சியின் நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக்கடைக்குப் போயாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தது கடிகாரம் ஒன்றுதான்.

"ஏலத்துல போட்டா நல்ல வெல போவும் அத்தான். மலபார் ஹில்லுல ஒரு பார்ஸிக் கெழவரு இருக்காரு, இந்த மாதிரின்னா உசுர விடுவாரு" என்றான் வெயிலுமுத்து.

சுயம்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "வித்துரு மாப்ள. ஆனா ஒண்ணு. சுயம்பு துரை குடுத்ததையும் வித்துத் தின்னுட்டான்னு நம்ம பக்கத்து ஆளுவ ஒருத்தன் வாயிலயும் வரக் கூடாது. ஊருக்குப் போயிரும்."

"மூச்சு விட மாட்டேன்" என்று வெயிலுமுத்து அவர் கையைப் பிடித்துச் சொன்னான்.

அங்கேதான் குடி கெட்டது. குஜராத்திக்காரனிடமோ மராட்டிக்காரனிடமோ சொல்லியிருந்தால் அது அவனோடு போய்விடும். கூட்டுக்குத் தலைவர் கடையநல்லூர்க்காரர். அவரிடம் சொன்னால் அடுத்த கடுதாசியில் ஊர் முழுக்கத் தெரியும். அக்காளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் இல்லாமையை ஊர்க்காரனிடம் போய்ச் சொல்லலாமா? மாட்டான். நம் ஆட்கள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். வெயிலுமுத்து கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி, ஒரு கைவண்டிக்காரனிடம் ஏற்றி, 'அனந்தநாராயணன், மாட்டுங்கா' என்று இல்லாத ஒரு ஆளின் பேரில் சீட்டு எழுதி ஏலக்கடைக்கு அனுப்பினான். சந்தில் கேட்டவர்களிடம் கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பேராச்சி சொன்னாள்.

சனிக்கிழமை காலை இரானி ஹோட்டலில் பேச்சே அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான்.

"நெலாக் கடியாரத்த நான் கேக்கேன். எவனும் வாயத் தொறக்காதிய" என்றார் வாஹித். பிறகு வெயிலுமுத்து பக்கம் திரும்பினார். "என்னல, சாயா ஆறிப் போச்சு, குடிக்காம இருக்க? மூஞ்சியே சரியில்லயே. யாரு வீட்டுப் பொருளுன்னு ஒனக்கு ஏதும் தெரியுமா?"

மனுஷர் கதவையே திறந்து வைத்தார். உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிடலாம் என்றுதான் வெயிலுமுத்து நிமிர்ந்தான். அத்தானின் எலும்புக் கை தன் கைக்குள் இருந்தது ஞாபகம் வந்தது.

"எனக்கென்ன தெரியும் பாய்" என்று சொல்லிவிட்டு ஆறிய சாயாவைக் குடித்தான்.

பார்ஸிக் கிழவர் வந்திருந்தார். ஆனால், உள்ளே மிஷின் மாற்றின கடிகாரம் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். கூட்டு வழக்கமாகச் செய்கிற காரியம்தான். வெயிலுமுத்துவே எத்தனையோ தடவை ஓதியிருக்கிறான். கிழவர் அதை ஏறிட்டும் பார்க்காமல், ஒரு பீங்கான் ஜாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடிகாரம் மேஜைக்கு வந்தது. வாஹித் ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு சுயம்புவை மலையடிவாரம் வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. ஏலக்காரர் ஒருதரம் சொன்னார், இரண்டாம்தரம் சொன்னார், சுத்தியலை ஓங்கினார். வெயிலுமுத்துவின் கை தானாக மேலே போயிற்று.

வாஹித் திரும்பிப் பார்த்தார். கூட்டாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாஹித்தின் முகம் கறுத்தது. விலையை ஏற்றினார். இவனும் ஏற்றினான். அவர் மறுபடி ஏற்றினார். அவர் ஏற்ற ஏற்ற வெயிலுமுத்துவுக்குப் பயம் போய் ஒரு வெறி வந்துவிட்டது. ஏறட்டும், இன்னும் ஏறட்டும் என்று கேட்டான். கடைசியில் வாஹித் சொன்ன விலை சானடோரியத்து முன்பணத்துக்குச் சரியாக வந்தது. அங்கே வாயை மூடியிருந்தால் சுயம்பு பிழைத்திருப்பார். ஆனால் ஏலக்கடை தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளுமே, அந்தக் குறைக்கு எங்கே போவது என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்து அவனுக்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டான்.

வாஹித் கையைக் கட்டிக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. கடிகாரம் வெயிலுமுத்து தலையில் கட்டப்பட்டது.

கட்டப் பணம்? அது இருந்தால் அவன் கடிகாரத்தை ஏன் ஏலத்துக்கு விடுகிறான்? தன் பொருளைத் தானே கேட்டேன் என்று சொல்லவும் வழியில்லை, அது போலீஸ் வரைக்கும் போகிற குற்றம். விற்ற பணம் என்றால் சீட்டைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள்; பொருளைத் திருப்பி எடுக்கலாம் என்றால், மாட்டுங்கா அனந்தநாராயணன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரை எந்த மாட்டுங்காவில் போய்த் தேடுவது? கேட்ட விலையைக் கட்டாததால், ஏலம் கேட்பதற்காக அவன் முன்பே கட்டியிருந்த டிபாசிட்டை ஏலக்கடை எடுத்துக்கொண்டது. கடிகாரம் அடுத்த சனிக்கிழமை மறு ஏலத்துக்கு என்று அறிவித்தார்கள். அக்காளிடம் போய், ஏலம் ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டது என்று பொய் சொன்னான்.

முன்பணத்தைப் புரட்ட, தன்னிடம் இருந்த கடிகாரங்களையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு, பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் கடை கடையாக ஏறினான். கூட்டை உடைத்தவனிடம் யார் வாங்குவார்கள்? சாக்கைப் பிரிக்கக்கூட விடவில்லை. முந்தின வாரம் வரை தோளில் கைபோட்டவர்கள், பீடிக்கு நெருப்புக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வேறு போக்கிடம் இல்லாமல் வாஹித் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். கேட்டுக்கொண்டே நின்ற மனுஷர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவிப் பயலே! ஒரு வார்த்த சொல்லப்படாதால? அந்தப் பார்ஸிக்காரன நானே கூட்டியாந்து முன்னால நிறுத்திருப்பனே! நான் வாய் விட்டுக் கேட்டப்பகூடச் சொல்லலியே!"

"நீங்க நம்ம பக்கத்து ஆளு பாய். அதான்…"

"நம்ம பக்கத்து ஆளுன்னாத்தாம்ல சொல்லணும்" என்று வாஹித் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "இப்பப் போயி அவனுவகிட்டச் சொன்னா எவன் நம்புவான்? மாட்டுனதும் கத கட்டுதான்னு சொல்லுவான். பார்ஸிக்காரன் காதுலயும் மிஷின் மாத்துனதுன்னு ஓதியாச்சு, இனி அவனும் திரும்பிப் பாக்க மாட்டான். எங்கையிலயும் காசு கெடையாது. எல்லாத்தயும் பீரோவா வாங்கிப் போட்டு வச்சிருக்கேன்."

மறு ஏலத்துக்கு வாஹித் போகவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான். மற்றவர்கள் போனார்கள். முதல் வாரம் வாஹித் சொன்ன முதல் விலையில் பாதிக்கு, வெயிலுமுத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கடிகாரம் அவர்கள் கைக்குப் போனது. மாசம் முடிந்திருந்தது. சானடோரியத்தில் சுயம்புவுக்கு என்று வைத்திருந்த படுக்கையில் அன்றே வேறு ஒருவரைப் போட்டுவிட்டதாகப் பேராச்சி விசாரித்து வந்திருந்தாள்.

வெயிலுமுத்து அக்காள் வீட்டுக்குப் போனான். இனியும் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனான்.

"எவ்வளவுக்குல போச்சு?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள் பேராச்சி. அழுது தீர்த்த குரல்.

"போன சனிக்கெழமையே ஏலம் நடந்துட்டுக்கா. ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். வெல ஏறட்டும்னு நானும் குறுக்க கேட்டேன். கடைசில என் பேருலயே விழுந்துட்டு…"

மேலே சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கட்டிலில் சத்தம் கேட்டது. ஒரு மாசமாகத் தலை தூக்காத சுயம்பு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கடியாரத்த நீயா எடுத்த மாப்ள? நெசமாவா?" அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல ஆகியிருந்தது. "கேட்டியாட்டி பேராச்சி? எம் மாப்ள அடுத்தவன் கைக்குப் போவ விடலட்டி! வித்துருன்னு வாயால சொல்லிட்டனே தவுர, அன்னையிலேருந்து எனக்குக் கண்ணு மூடல மாப்ள. இனி எந்த மலைக்கும் நான் போவ வேண்டாம். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இங்கன கெடந்துக்கிடுதேன்."

இருமல் வந்து அவரைக் குலுக்கியது. இருமலுக்கு நடுவிலும் சிரித்துக்கொண்டிருந்தார். மறு ஏலத்தைப் பற்றி வெயிலுமுத்துவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்?

பேராச்சி அடுப்படியை விட்டு வந்து தம்பிக்கு எதிரே நின்றாள்.

"ஒனக்கு வேணும்னு எங்கிட்டக் கேட்டிருந்தா, சும்மாவே தூக்கிக் குடுத்திருப்பனேல" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேருக்கும் கடியாரந்தான் பெருசாப் போச்சு. எனக்குத்தான் மனுசன் வேண்டியிருந்துது."



"எப்ப மாப்ள கொண்டார?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் சுயம்பு.

"நாளைக்குக் கொண்டாரேன் அத்தான்" என்றான் வெயிலுமுத்து.