என்ன மருந்து?

கருப்பம்மாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள், "உம்மா, அவங்க நல்லவங்கன்னு எழுதுங்க" என்றாள். எழுத மாட்டேன். பதுளையில் எங்கள் மேட்டு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் தாதியாக, எல்லாருக்கும் மிஸியாக இருந்தவள் நான். நல்லவர்களை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். கருப்பம்மா பழி வாங்கியவள். அதுவும் கத்தியில்லாமல், ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல். அதனால்தான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

அவள் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். 1991இல் அவளுடைய மூத்த பிள்ளை லீலாதேவி பள்ளிக்கூடம் விட்டு வந்த தாகத்தில், அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவின் மூலையில் இருந்த இஞ்சி பியர் சோடாப் போத்தலை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டது. போத்தலில் இருந்தது புல்லுக்கு அடிக்கிற மருந்து. தகப்பன் மலையிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்து வைத்தது. கருப்பம்மா பிள்ளையைக் கொழுந்து லொறியில் பசறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் பதுளைக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளை நடந்துதான் உள்ளே போனதாம். அந்த மருந்து அப்படித்தான். முதல் நாள் ஒன்றும் காட்டாது, உள்ளுக்குள்ளே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் பரமலிங்கம். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், கொழும்பில் வளர்ந்தவர், வேலைக்கு வந்து ஆறு மாதம். கருப்பம்மா அவரிடம், "எம் புள்ள மருந்து குடிச்சிருச்சுங்க ஐயா" என்றாள்.

மலைநாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'மருந்து குடிச்சிருச்சு' என்றால் நஞ்சு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். காய்ச்சலுக்குக் குடித்ததை அப்படிச் சொல்லிக்கொண்டு லொறியேறி ஒருத்தியும் வரமாட்டாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மருந்து குடிச்சவளெண்டால் பிறகேன் இஞ்ச கொண்டு வந்தனீங்கள்? வீட்ட கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க விடுங்கோ."

வயிற்றெரிச்சலுக்கு நாலு குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் வாயெல்லாம் வெந்து திரும்பி வந்த பிள்ளை, எட்டாம் நாள் மூச்சுவிட முடியாமல் செத்துப்போனது. முதல் நாளே நஞ்சை உறிஞ்சுகிற களிமண் கரைசல் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மருந்து குடித்தவர்களில் தப்பியவர்கள் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒருத்தியாகும் வாய்ப்பையாவது கொடுத்திருக்கலாமே, பாவி மனுஷன்!

கருப்பம்மா அதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். மரண விசாரணையில் அவர் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. 'தாய் பொலிசுக்குப் பயந்து நஞ்சு என்பதை மறைத்தாள், வயிற்றெரிச்சல் என்று மட்டும் சொன்னாள்' என்று வாக்குமூலம் கொடுத்தார். டாக்டர் சொன்னால் சொன்னதுதானே! தோட்டம் முழுக்க அதை நம்பியது. போத்தலைக் கொண்டுவந்து வைத்த புருஷன்காரனும் நம்பினான். அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. "நீ வாயத் தொறந்திருந்தா எம் புள்ள பொழைச்சிருக்கும்" என்று குடித்த நாளெல்லாம் சொன்னான், இரண்டு வருஷம் கழித்துச் சாகிற வரைக்கும் சொன்னான். அவன் போன பிறகு அவள் தோட்டத்தை விட்டு இறங்கி, 1994இல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அட்டெண்டனாகச் சேர்ந்தாள். அதற்குள் அந்த டாக்டர் மாற்றமாகிப் போய்விட்டிருந்தார். வேறு ஆஸ்பத்திரியே கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "அந்தாளு என்னைக்காவது இங்கதான் வருவாரு மிஸி" என்றாள்.

அவர் வந்தார், 2004இல். இப்போது பெரிய டாக்டர். புதிதாக வருகிற இளம் டாக்டர்மாருக்கு அவசர வைத்தியம் பழக்குகிற பொறுப்பு அவருடையது. நல்ல வாத்தியார், அதை மறுக்க மாட்டேன். மூச்சு நின்றவனுக்கு முதலில் என்ன செய்வது, பஸ் புரண்டு ஒரே நேரத்தில் இருபது பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று வாரத்துக்கு இரண்டு வகுப்பு. மற்றதையெல்லாம் இங்கிலீஷில் சொல்வார். கதை சொல்ல வந்தால் சிங்களமும் தமிழும் கலந்துவிடும்.

முதல் வகுப்பிலேயே அந்தக் கதையைச் சொன்னார். மடுல்சீமைத் தாய், இஞ்சி பியர் போத்தல், எட்டாம் நாள் சாவு, ஒன்றையும் விடவில்லை. "தாய் என்னட்ட மறைச்சுப் போட்டா. தோட்டத்துச் சனம் உண்மை சொல்லாது, டாக்டர்மார். எப்பவும் சந்தேகப்படுங்கோ" என்று முடித்தார். பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த கருப்பம்மா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவோம் கருப்பம்மா" என்றேன்.

"போட்டா ரூமுக்குள்ள உக்காந்து பதில் எழுதிருவாரு. வேணாம் மிஸி. என்னைப் பொய்காரின்னு சொன்ன எடத்துலயே அவரு வாய அடைக்கணும்."

நாலு மாதம் காத்திருந்தாள். தினமும் "கருப்பம்மா, கதவைச் சாத்து" என்று பெயர் சொல்லி வேலை வாங்கினாரே தவிர, அந்தத் தாய் இவள்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாலு மாதமும் அவருடைய தேத்தண்ணியில் ஒரு நாளும் சீனி இருக்கவில்லை. கேட்டால், "மறந்துட்டேங்க ஐயா" என்பாள்.

பிறகு அவர் ஒத்திகை வகுப்பு ஆரம்பித்தார். கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிடத்தி, எங்களில் ஒருத்தியைச் சொந்தக்காரியாக நடிக்க விடுவார். புது டாக்டர் வந்து கேள்வி கேட்டு, என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும் நான்தான் நடிப்பேன். அன்றைக்குக் கருப்பம்மா யூனிபோமைக் கழற்றிவிட்டுச் சேலையோடு வந்து நின்றாள்.

"அம்மா வேசத்தை இன்னைக்கு எனக்குக் குடுங்க மிஸி."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அன்னைக்குச் சொன்னதைத்தான்."

நான் தடுத்திருக்கலாம். தடுப்பேனா? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் விட்டேன்.

பதினாறு இளம் டாக்டர்மார் சுற்றி நின்றார்கள். முன்னால் வந்தவர் டாக்டர் ஹஸீப், பண்டாரவளைக் கடைக்காரர் ஒருவரின் மகன். கருப்பம்மா பொம்மையைப் பார்க்கவில்லை. பரமலிங்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எம் புள்ள மருந்து குடிச்சிருச்சுங்க ஐயா."

ஹஸீப் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்ன மருந்தும்மா?"

"புல்லு மருந்துங்க. இஞ்சி பியர் போத்தல்ல இருந்துச்சு. தாகத்துல குடிச்சிருச்சு."

பரமலிங்கத்தின் கையிலிருந்த பேனை நின்றது. கருப்பம்மா அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"பாத்தீங்களா டாக்டரையா? இந்தப் புள்ள கேட்டாரு, நான் சொல்லிட்டேன். ரெண்டே வார்த்தை. அன்னைக்கு நீங்க கேக்கல. 'மருந்து குடிச்சவளெண்டால் பிறகேன் இஞ்ச கொண்டு வந்தனீங்கள்'னு கேட்டீங்க."

அல்லாஹ்வே, அச்சு அசல் அவருடைய குரல்! பதின்மூன்று வருஷமாக அந்த ஒரு வரியை ஒரு சொல் பிசகாமல் வைத்திருந்திருக்கிறாள். அவருடைய முகம் சாம்பலாகிப் போனதைப் பதினாறு பேரும் பார்த்தார்கள். அதுவரை அவள் சொன்னதை நம்பியவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. அவர் பத்து நிமிஷம் இடைவேளை என்று முனகிவிட்டு வெளியே போனார்.

பின்னேரம் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் வந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், நகரவில்லை.

"எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, கருப்பம்மா. வேலை போயிடுமெண்டு பயந்து போனன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக அவளை மரியாதை கொடுத்துப் பேசினார்.

"இங்க சொல்லாதீங்க ஐயா. எம் புருசன் என்னைக் கொலைகாரியைப் பாக்குற மாதிரிப் பாத்துக்கிட்டே செத்தாரு. அவருகிட்ட இனி யாரு சொல்றது? நீங்க என்னைப் பொய்காரின்னு எங்கெங்க சொன்னீங்களோ அங்க போய் மாத்திச் சொல்லுங்க. ஒவ்வொரு செட்டு டாக்டருக்கும் சொல்லுங்க."

சொன்னார். அடுத்த வாரமே சொன்னார். 'தாய் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, பிறகு நான்தான் பொய் சொன்னேன்.' வருஷத்துக்கு இரண்டு செட் புது டாக்டர்மார் வந்தார்கள், நாலு வருஷம் வந்தார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முதல் வகுப்பு அதுதான். ஒவ்வொரு தடவையும் கருப்பம்மா கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கேயாவது ஒரு சொல்லை விழுங்கினால், "கேக்கல ஐயா" என்பாள். அவர் திரும்பவும் சொல்வார். கடைசியில் எனக்கே மனசு கேட்கவில்லை. "போதும் கருப்பம்மா, மனுஷன் பாதியாகிப் போனார்" என்றேன். "மீதிப் பாதி இருக்குல்ல?" என்றாள்.

2008இல் அவர் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற அன்று கையெழுத்துகளெல்லாம் வைத்து முடித்து, வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாவிடம் வந்தார்.

"நான் போறன் கருப்பம்மா. இனி உங்களுக்கு நிம்மதிதானே?"

"எங்கங்க ஐயா மாத்தியிருக்காங்க?"

"நுவரெலியாவுக்கு."

"அங்கயும் புது டாக்டர்மாருக்குப் படிச்சுக் குடுப்பீங்கதானே?"

"ஓம், அதுதான் வேலை."

கருப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கும்பிடப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"நல்லதுங்க ஐயா. எங்க சின்னம்மா மக அங்கதான் அட்டெண்டனா இருக்கு. நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன். மொத வகுப்புக்குக் கதவுகிட்ட வந்து நிக்கும்."