மேடமும் ஒரு கைப்பிடி உப்பும்

டரன்டுலா சிலந்தி வளர்ப்பதில் வேலை கம்மி, கவலை ஜாஸ்தி. நாய் வளர்ப்பவருக்குத் தெருவில் பேச ஆள் கிடைக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் முளைத்த சிலந்தி வளர்ப்பவன் வீட்டுக்குச் சொந்தபந்தம்கூட வருவதில்லை. என்னைப்போல மாட்டிக்கொண்டவர்கள் நாலு பேராவது எங்கேயோ இருப்பீர்கள்; உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பவன். வீடு மாதனூரில்.

நிபந்தனை

பெங்களூரில் இருந்த என் நண்பன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, ஆசையாக வளர்த்த சிலந்தியை என்னிடம் ஒப்படைத்தான். சிலி நாட்டு வகை, பெண், பரம சாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட் அம்மா பெட்டியில் இருப்பது கேக்கா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தன் அறையைவிட்டு வெளியே வராமலே எல்லோரையும் நடுங்க வைத்ததால், எங்கள் கம்பெனி மேலதிகாரி அம்மாவை அழைக்கும் வழக்கப்படி அவளுக்கு மேடம் என்று பெயர் வைத்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சிலந்தியைவிட என் ராசிமேல்தான் பயம். அதற்குமுன் நான் வளர்த்த மீன்கள், லவ் பேர்ட்ஸ், கடைசியில் ஒரு மணி பிளான்ட், எதுவுமே என் கையில் பிழைக்கவில்லை. எட்ட நின்று பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுவும் செத்துச்சுன்னா, அப்புறம் இந்த வீட்ல உசுரோட இருக்கறது நீங்களும் நானும் மட்டும்தான்."

குளியல்

மேடத்தின் தேவைகள் ரொம்பச் சின்னவை. தேங்காய் நார்த்தூள் பரப்பிய தரை, ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த ஓடு, பாட்டில் மூடியில் தண்ணீர், வாரம் ஒரு கரப்பான். ஆகாதது மருந்து வாசனை ஒன்றுதான். எங்கள் வீட்டில் கொசுவத்தி நின்றுபோய்க் கொசுவலை வந்தது. நானோ நாள் முழுக்க பாலிஷ் மருந்து அடித்த தோலைத் தடவுகிறவன். அதனால் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராகக் குளியலறை, முழங்கைவரை சோப்பு, அதற்கப்புறம்தான் பெட்டி.

அவள் இரை பிடிப்பதை நீங்கள் பார்க்கவேண்டும். கண் சரியாகத் தெரியாது. கால் ரோமத்தில் படும் அதிர்வுதான் அவளுக்குப் பார்வை. கரப்பான் ஒரு மூலையில் மீசையை ஆட்டினால் போதும், கல்லாகக் கிடந்தவள் அடுத்த நொடி அதன்மேல் இருப்பாள். இருபது வருஷமாக விரலால் தோலைப் படிக்கிற எனக்கு, எட்டுக் காலாலும் உலகத்தைப் படிக்கிறவளைக் கண்டால் மரியாதை வராமல் என்ன செய்யும்? நான் வாய் பிளந்து உட்கார்ந்திருக்க, ஸ்டெல்லா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "கல்யாணம் ஆகிப் பதினோரு வருசம் கம்பெனி நாத்தத்தோட வந்து என் பக்கத்துல குந்துனீங்க. இவளுக்கு மட்டும் குளியல்!"

முதுகு

ரஃபீக் பாய் என் பக்கத்து மேஜைக்காரர். மேல்விஷாரத்தில் பதப்படுத்தாத பச்சைத்தோல் விற்கும் மண்டியில் பல வருஷம் இருந்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தவர். ஒரு விடுமுறை நாளில் மேடத்தைப் பார்க்க வந்து, தடுக்கத் தடுக்கப் பெட்டிக்குள் கையைவிட்டார். மேடம் நிதானமாகத் திரும்பி நின்று, பின்னங்காலால் அரிப்பெடுக்க வைக்கும் தன் முதுகு ரோமத்தை அவர் கைமேல் உதறிவிட்டாள். சொறிந்து சொறிந்து கை சிவந்துபோய்விட்டது. எனக்கு வருத்தம், அவருக்கு ஒரே சந்தோஷம். "கடிக்கல, ஒரு சத்தமில்ல. முதுகக் காட்டியே வந்தவனத் தொரத்திட்டா பாரு. அசல் மேடம்தான் தோஸ்த்."

பட்டினி

வந்த எட்டாம் மாதம் மேடம் சாப்பாட்டை நிறுத்தினாள். ஒரு வாரமல்ல, நாலு மாதம். இந்த வகை மாதக்கணக்கில் விரதம் இருக்கும், பயப்படாதே என்று நண்பன் தகவல் அனுப்பினான். பயப்படாமல் இருக்க முடியவில்லை. நிறம் மங்கி, பழைய செருப்பு மாதிரி ஆகிவிட்டாள். மீனும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஆச்சரியம் ஸ்டெல்லாதான். எட்ட நின்றவள், நல்ல கரப்பானாகத் தேடிப் பிடித்துவர ஆரம்பித்தாள். பெட்டியருகே முட்டி போட்டு, மேடம் முகம் திருப்பிக்கொள்வதைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டாள். "ஆம்பூர் பிரியாணிக்கு ஊரு ஊரா வர்றாங்க. இங்க வந்து பட்டினி கெடக்கற மொத ஆளு இவதான்."

உப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பிய ஸ்டெல்லா அலறினாள். மேடம் மல்லாந்து கிடந்தாள், எட்டுக் காலும் விரிந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன். அவர் பதறிப்போய் சொன்ன முதல் வார்த்தை, உடனே உப்புப் போடு என்பது.

சிரிக்காதீர்கள். உரித்த தோலில் சட்டென்று உப்புப் போடாவிட்டால் அழுகிப்போகும். இது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவு அழகான தோல் வீணாகக்கூடாது, ஞாபகமாக வைத்துக்கொள் என்றார் பாசத்தோடு. நானும் தோல்காரன்தானே, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு கைப்பிடி கல் உப்புடன் போய் மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா, என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கைய எடுங்க! ஒரு காலு ஆடுது!"

தரம்

அதற்கப்புறம் நாங்கள் சாப்பிடவே போகவில்லை. மார்பின் மேல்ஓடு மூடிபோலத் திறந்துகொண்டது. இறுக்கமான ஷூவிலிருந்து காலை உருவுவதுபோல் ஒவ்வொரு காலாக உருவி, மதியத்துக்குள் தன் முழுத் தோலையும் கழற்றிப் போட்டாள். வெளியே வந்தது புது மேடம், வெல்வெட்டுப் பளபளப்பில். சாயங்காலம் நண்பன் கூப்பிட்டுத் திட்டினான்: செத்த சிலந்தி காலை மடக்கிக்கொள்ளும், மல்லாந்து படுத்தால் தோலுரிக்கிறது என்று அர்த்தமாம்.

மறுநாள் அந்தப் பழைய தோலைப் பஞ்சில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். ரஃபீக் பாய் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம். தோலைத் திரும்பப் பஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கத்தி வெட்டு இல்ல, உண்ணித் தழும்பு இல்ல, நகம் வரைக்கும் முழுசா கீது. நாம இத்தினி பேரு, இத்தினி மிஷினு வெச்சிக்கினு செய்ய முடியாதத, படுத்துக்கினே செஞ்சிட்டா. இதுக்கு கிரேடு போட எனக்கு யோக்கியத இல்ல தோஸ்த்."

ஆக, என் கையில் தப்பிப் பிழைத்த ஒரே உயிர் மேடம்தான், அதுவும் அந்தக் கையை ஸ்டெல்லா கெட்டியாகப் பிடித்துக்கொண்ட புண்ணியத்தில்.