அறுபதுக்குக் கீழே

பழி மிளகின் மேல்தான் விழுந்தது. மட்டாஞ்சேரியில் முப்பத்தெட்டு வருஷம் மிளகுக் கிடங்கில் வேலை பார்த்த மனிதர் இருமினால் வேறு எதைச் சொல்வது? மிளகு அல்ல என்று தெரிந்தது ஜூன் இருபத்தாறாம் தேதி, பிற்பகல் இரண்டரை மணிக்கு. அப்போது தெரிந்து ஒரு பயனும் இல்லை.

வெங்கிட்டுவின் வேலை ஈரம் பார்ப்பது. கிடங்குக்கு மூட்டை வந்ததும் குத்தூசியால் ஒரு பிடி மிளகு எடுப்பார். உள்ளங்கையில் உருட்டுவார். ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்து உடைப்பார். உடையும் சத்தத்தை வைத்து ஈரம் பதினொன்று, பன்னிரண்டரை என்று சொல்வார். பிறகு ஆபீஸில் மெஷின் வந்தது. மெஷின் சொன்னதும் அவர் சொன்னதும் அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டதில்லை. வித்தியாசம் வந்தால் மெஷினைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கம்பெனிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இருந்தது. கருஞ்சிவப்பு. துறைமுகத்துக்கு சாம்பிள் கொண்டுபோகும் நாட்களில் வெங்கிட்டு முன்சீட்டில் தகர டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாது. கம்பெனி காரை விற்றபோது ஆபீஸ் மேனேஜர் விஸ்வேஸ்வரன் வாங்கி, இடக்கொச்சியில் தன் வீட்டு ஷெட்டில் நிறுத்திக்கொண்டார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் வெங்கிட்டு அந்தக் காரைப் பித்தளையில் கட்ட ஆரம்பித்தார். எட்டில் ஒரு பங்கு. அசலில் எட்டு மில்லிமீட்டர் என்றால் இதில் ஒன்று. ஞாயிறுதோறும் காலை பஸ்ஸில் இடக்கொச்சிக்குப் போய், வெர்னியரும் நோட்டுமாக ஷெட்டில் மல்லாந்து படுத்து அளப்பார். ஜூ டவுனில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் பித்தளைத் தகடு எடுத்து வைப்பார். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். இதிலும் திறந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பியது. கதவுக் கைப்பிடியை அரத்தால் ராவி ராவி ஒரு மாதம் செய்தார். ஸ்பீடாமீட்டர் முகப்பை மட்டும் மகள் ஸுப்ரியா தன் ஆபீஸில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். எண்களை லென்ஸ் வைத்துப் படிக்கலாம்.

ஸுப்ரியா காக்கநாட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். சென்சார்களின் தகவல் தாள்களை வரி வரியாகச் சரிபார்ப்பது அவள் வேலை. வாரக் கடைசியில் மட்டாஞ்சேரிக்கு வருவாள்.

"ஓட்டத் தெரியாத மனுஷன் கட்டற கார். இதுல யாரு ஏறிண்டு எங்க போகப் போறா?" என்பாள் மனைவி கமலாக்ஷி.

"நீ கொஞ்சம் மெலிஞ்சா உன்னை ஏத்திண்டு போறேன்" என்பார் வெங்கிட்டு.

நாலு வருஷம் ஆயிற்று. பித்தளை வேலை ஜனவரியில் முடிந்தது. மிச்சம் பெயின்ட்.

அசல் காரின் பளபளப்பு வேண்டும் என்றார். தோப்பும்படியில் ஒரு வொர்க்ஷாப்காரர், நிறம் அடித்த பிறகு மேலே டூ-கே கிளியர் என்ற நிறமில்லாப் பூச்சு அடிக்கச் சொன்னார். இரண்டு டின். ஒன்றில் கிளியர், இன்னொன்றில் ஹார்ட்னர். கலந்து அடித்தால் கண்ணாடி மாதிரி இறுகும். வெங்கிட்டு நேராகக் காரில் அடிக்கவில்லை. அடுக்களையிலிருந்து எவர்சில்வர் ஸ்பூன்களை எடுத்துப் பழகினார். ஒவ்வொரு ஸ்பூனின் பின்பக்கமும் தேதியைக் கீறி, ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்.

"ஆத்துல பாயசம் வெச்சா இனிமே விரலாலதான் சாப்பிடணும்" என்று கமலாக்ஷி அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மார்ச்சில் அடித்த பன்னிரண்டு ஸ்பூனும் கெட்டுப்போயின. மேற்பரப்பில் பொடிப் பொடியாகக் குமிழ். சிலதில் பால் சிந்தியது மாதிரி வெளுப்பு. அவர் ஒரு ஸ்பூனை மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு ஈரம் என்றார். காயலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில் காற்றே ஈரம். ஸுப்ரியா அந்தக் கிளியரின் தகவல் தாளைத் தேடி எடுத்தாள். இரண்டு பக்கம். ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினாள்.

ஏப்ரலில் விஷு அன்று, பெரியவர்கள் காசு கொடுக்கிற கைநீட்டத்துக்குப் பதில் அவள்தான் அவருக்கு ஒரு பொருள் கொடுத்தாள். உள்ளங்கை அளவு ஈரப்பத மீட்டர். கணக்கும் போட்டுக் கொடுத்தாள். வெளியே இருபத்தெட்டு டிகிரி, எண்பத்தெட்டு சதவீதம் என்றால், அறையை முப்பத்தைந்துக்குச் சூடாக்கினால் ஈரம் அறுபதுக்கு இறங்கும். இருநூறு வாட் பல்பு இரண்டு போதும். ஜன்னலைச் சாத்த வேண்டும்; திறந்திருந்தால் கணக்கு நிற்காது.

அவர் ஜன்னலைச் சாத்தினார். இடுக்கில் பழுப்பு டேப் ஒட்டினார். கதவடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தார். மிளகில் மெஷினை நம்பாத மனிதர் இந்த மீட்டரை நம்பினார். மகள் கொடுத்தது.

பதின்மூன்றாவது ஸ்பூன் கண்ணாடியாக வந்தது.

இருமல் மே முதல் வாரம் தொடங்கியது. முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு படி ஏறினால். பிறகு பேசும்போது வார்த்தைக்கு அடியில் மெல்லிய விசில். ஸுப்ரியா அவரை ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஊதச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார். வெங்கிட்டு வாய் திறக்குமுன் ஸுப்ரியா பதில் சொன்னாள். மிளகுக் கிடங்கு, முப்பத்தெட்டு வருஷம். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மிளகுத் தூசியிலிருந்து விலகி இருக்கச் சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்.

கமலாக்ஷி அன்றே மிளகை வீட்டைவிட்டு அனுப்பினாள். மிளகு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கீழ் வீட்டு ஒச்சம்மாளிடம் கொடுத்தாள். ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவள். ரசத்தில் மிளகாய் ஏறியது. முதல் வாய் உறிஞ்சிவிட்டு, இது ரசமா, பூனை குளித்த தண்ணியா என்று வெங்கிட்டு கேட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு சாட்சியும் மிளகுக்கு எதிராகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்குப் போனால் இருமல் இல்லை. அங்கே கிடங்கு இல்லையே. ஜூன் முதல் வாரம் ஸுப்ரியா நாலு நாள் தன் ஃபிளாட்டில் வைத்துக்கொண்டாள். நாலு நாளும் விசில் இல்லை, இன்ஹேலர் இல்லை, ஆறாவது மாடிக்குப் படியேறி வந்து காட்டினார். மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய இரண்டாம் நாள் மறுபடியும் வந்தது. கேஸ் முடிந்த மாதிரி இருந்தது. வீட்டைச் சுற்றி மிளகுக் கிடங்குகள், பஜார் ரோட்டுக் காற்றே ஆகாது, வீட்டையே மாற்றிவிடலாம் என்று தாயும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். கார் முடியட்டும் என்றார் அவர்.

மழை போனபின் டிசம்பரில் அடிக்கலாமே என்று ஸுப்ரியா ஒரு முறை சொன்னாள். முடியாது. விஸ்வேஸ்வரன் காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். மாதக் கடைசியில் லாரி வருகிறது. அதற்குள் இதை அதன் பக்கத்தில் வைத்து ஒரு தடவை நிறம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

காருக்குக் கிளியர் மூன்று கோட். முதல் கோட் ஜூன் பதினெட்டு. அன்று இரண்டு முறை இன்ஹேலர். இரண்டாவது இருபத்திரண்டு. அன்று உட்கார்ந்தபடியே தூங்கினார். கமலாக்ஷி கீழே போய், மிளகு வறுத்தாயா என்று ஒச்சம்மாளிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

இருபத்தாறு காலை பதினோரு மணிக்கு ஸுப்ரியாவின் போன் அடித்தது. வெளியே மழை சுவர் மாதிரி நின்றது.

"மோளே, அம்பத்தெட்டு."

"நெஜமாவா?"

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. அம்பத்தெட்டு. எறங்கிண்டுதான் இருக்கு."

அவர் குரலுக்கு அடியில் விசில் கேட்டது. "இன்ஹேலர் எடுத்துண்டேளா?"

"ஆச்சு. அந்த மிளகுச் சனியன் விடமாட்டேங்கறது."

"அப்ப இப்பவே அடிச்சுடுங்கோ அப்பா. மத்தியானம் கரண்ட் போனா மறுபடி ஏறிடும்."

"சரி" என்றார். "ஞாயித்துக்கிழமை நீயும் இடக்கொச்சிக்கு வா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்."

பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிடக் கூப்பிட கமலாக்ஷி கதவைத் தட்டினாள். வேட்டிச் சுருள் நகர்ந்தது. அவரே கதவைத் திறந்து வந்தார், அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தது. அதைக் கழுவ வேண்டும் என்பதுபோல் காட்டினார். பிறகு கழுத்தைக் காட்டினார். ஒச்சம்மாள் ஆட்டோ பிடித்தாள். பாலத்தில் மழைநெரிசல்.

ஸுப்ரியா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன வேலை என்று கேட்கவில்லை. இன்று காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று மலையாளத்தில் கேட்டாள். ஸுப்ரியா மிளகுக் கிடங்கு என்று ஆரம்பித்தாள். அதில்லை, இன்று, என்றாள் டாக்டர்.

காருக்கு பெயின்ட் அடித்தார்.

வொர்க்ஷாப்பிலா?

வீட்டில்.

வீட்டுக்குள் காரா என்று டாக்டர் கேட்டாள். ஸுப்ரியா இரண்டு கைகளையும் முழம் அளவுக்கு விரித்துக் காட்டினாள். டாக்டர் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். இரண்டு டின் கலக்குகிற பெயின்டா என்றாள். ஆமாம். ஜன்னல் திறந்திருந்ததா? இல்லை. எத்தனை நாளாக? விஷுவிலிருந்து. எதற்குச் சாத்தினார்?

"அறுபதுக்குக் கீழே இருக்கணும்" என்றாள் ஸுப்ரியா. தமிழில் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அந்த ஹார்ட்னரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள். மூன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தபோது ஓடவில்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஸுப்ரியா போனைத் திறந்தாள். மார்ச்சில் அனுப்பிய படம் அப்படியே இருந்தது. ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குக் கீழே. வெட்டிய இடத்தில் அடுத்த வரியின் எழுத்துகள் பாதி தெரிந்தன, தலைகள் மட்டும். முழுத் தாளைத் திறந்தாள். அடுத்த வரி: நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும். அதற்கடுத்த வரி: வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் தெளிக்கக் கூடாது. அதற்கடுத்தது: ஆஸ்துமா உள்ளவர்கள் இதன் அருகில் வரக் கூடாது. மிளகைப் பற்றி எங்கும் ஒன்றும் இல்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலை அவள் அந்த அறைக்குள் போனாள். பல்புகளை யாரோ அணைத்திருந்தார்கள். மீட்டர் எழுபத்தொன்று காட்டியது. ஜன்னல் கம்பியில் முப்பத்தொரு ஸ்பூன். தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதினாள். பக்கத்தில், கிளினிக் பைலையும் அம்மாவின் காலண்டரையும் பார்த்து, அவருக்கு மூச்சு முட்டிய தேதிகளை எழுதினாள். ஐந்து வரி எழுதியதும் நிறுத்தினாள். மீதி எழுதத் தேவைப்படவில்லை.

டேப்பைப் பிய்த்தாள். இரண்டு ஜன்னலையும் திறந்தாள். சாரல் உள்ளே வந்தது. மீட்டர் எழுபத்தைந்து, எண்பது என்று ஏறி எண்பத்தொன்பதில் நின்றது. மேசை மேல் கார். மூன்றாம் கோட் இறுகியிருந்தது. ஈரம் அதை ஒன்றும் செய்யவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒரு குமிழ் கூட இல்லை.

விஸ்வேஸ்வரன் லாரியை ஒரு வாரம் தள்ளிப் போடட்டுமா என்று போனில் கேட்டார். வேண்டாம் என்றாள்.

பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த சமையல்கார மாமா சாமான்களைப் பார்த்துவிட்டு மிளகு எங்கே என்று கேட்டார். திதிச் சமையலில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள். மிளகுதான். வீட்டில் இல்லை என்று கமலாக்ஷி சொன்னாள். மாமா அவளை ஒரு மாதிரி பார்த்தார். மட்டாஞ்சேரியில், மிளகுக்காரர் வீட்டில்.

ஸுப்ரியா கீழே இறங்கிப் போனாள். அவள் கேட்பதற்கு முன்பே ஒச்சம்மாள் உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்து வந்தாள். கழுத்து வரை மிளகு இருந்தது.

"ஒரு மணி தொடல தாயி" என்றாள். "அய்யாவுக்குச் சொகமானதும் அக்கா திருப்பிக் கேப்பாகன்னு அப்பிடியே வச்சிருந்தேன்."

படியில் ஸுப்ரியா நின்றாள். மூடியைத் திறந்து ஒரு மணியை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து உடைத்தாள். சத்தம் கேட்டது. பதினொன்றா, பன்னிரண்டரையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே சமையல்கார மாமா காத்துக்கொண்டிருந்தார்.